உப்புக் கயிறு

என் மனைவி லீமாரோஸ் பை தைப்பதற்காகப் போர்த்துகல் போய் ஆறு வருடம் ஆகிறது. இதைச் சொன்னதும் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், போனது அவளா, நீ இல்லையா என்பார்கள். தங்கச்சிமடத்தில் புருஷன் வெளிநாடு போவது சகஜம். கத்தார், துபாய், மலேசியா என்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பெண்டாட்டி போய், புருஷன் வீட்டில் தனக்குத் தானே உலை வைப்பதுதான் யாருக்கும் செரிக்கவில்லை. செரிக்காவிட்டால் ஓமத் தண்ணீர் வாங்கிக் குடிக்கட்டும், எனக்கென்ன வந்தது.

என் பெயர் சகாயவினோத். வயது நாற்பத்து நான்கு. கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து வாங்கிய வல்லத்தில் போய் மீன் பிடிக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

சொல்ல வந்தது வேறு. இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு நான் சென்னையில் விசா அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். புருஷனைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அந்த நாட்டில் லீமாவுக்குக் கொடுத்த அனுமதி அதற்கு மேல் செல்லாது. போன வருடமும் இப்படி ஒரு தேதி வந்தது. நான் போகவில்லை. இந்தத் தடவையும் விட்டால் மறுபடி கிடைப்பது கஷ்டம், இங்கே சட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாள். வல்லத்தையும் ஊரையும் விட்டுவிட்டு அவளிடம் போய்ச் சேருவதா, இல்லை, போனில் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் இரண்டு கரையில் கிழடு தட்டிப் போவதா? இதுதான் என் முன்னால் கிடந்த கேள்வி.

போகாமல் இருப்பதற்கு நான் ஒரு நல்ல காரணம் வைத்திருந்தேன். கயிறு.

கயிற்றுக் கதையைச் சொல்ல வேண்டுமானால் பையிலிருந்து தொடங்க வேண்டும். லீமா கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் எட்டு வருடம் பை தைத்தவள். அங்கே ஒரு தையல் கோணினாலும் முழுப் பையையும் பிரித்துப் போட்டுவிடுவார்களாம். அந்தப் புத்தி இவளை விட்டுப் போகவே இல்லை. என் சட்டைக்குப் பொத்தான் தைத்தால்கூட உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். இங்கே வாழ வந்த பிறகு ஒரு பழைய கனரக மெஷின் வாங்கி முன் அறையில் போட்டு, கெட்டிக் கித்தானில், அடியில் தோல் வைத்துப் பை தைத்தாள். ஒரு பைக்கு மூன்று நாள். தைத்து முடித்ததும் உள்ளே என் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை நிரப்பி உத்தரத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவாள். காலையில் ஒரு நூல் தளர்ந்திருந்தாலும் அந்தப் பை கடைக்குப் போகாது.

அவற்றை ராமேஸ்வரத்தில் சன்னதித் தெருக் கடை ஒன்றில் கொடுத்து வைத்தோம். ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்த பிறகு ஈரத்துணி போட ஒரு பை வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் பை போதும். இவள் பையைத் தூக்கிப் பார்ப்பார்கள், தடவிப் பார்ப்பார்கள், விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிடுவார்கள். ஒரு அம்மாள், இந்த விலை கொடுப்பதற்கு ஈரத்துணியை உடுத்திக்கொண்டே ஊர் போய்ச் சேருவேன் என்றாளாம். அன்றைக்கு லீமா சாப்பிடவில்லை. நான் பெரிய மேதாவிபோல, கித்தானைக் கொஞ்சம் மெல்லிசாக எடு, உள்தையலை விட்டுவிடு, விலை தானே இறங்கும் என்று யோசனை சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் அப்புறம் ஒரு வாரம் நான் தையல் பக்கமே வாயைத் திறக்கவில்லை.

கைப்பிடிதான் அவளைப் படுத்திய பாடு. தோலில் போட்டாள், எங்கள் ஊர்க் காற்றுக்கு ஆறு மாதத்தில் பூசணம் பிடித்தது. கித்தானையே மடித்துப் போட்டாள், கையை அறுத்தது. ஒருநாள் நான் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு பருத்திக் கயிற்றை எடுத்தேன். முனையில் புரிகளைப் பிரித்து, பித்தளை வளையத்துக்குள் கொடுத்துத் திருப்பி, பிரித்த புரிகளைக் கயிற்றுக்குள்ளேயே ஒவ்வொன்றாகச் செருகி இறுக்கினேன். முடிச்சே இருக்காது. நங்கூரக் கயிற்றுக்கு நாங்கள் போடுகிற கட்டுதான். அவள் அதைக் கையில் வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் என் வேலை எதையும் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. அன்றிலிருந்து அவள் பைக்கு நான்தான் கயிறு.

இதற்குள் கீழக்கரை வாவு முகம்மது என்று ஒருவர் வந்தார், அவருக்குப் போர்த்துகலில் போர்ட்டோ என்கிற ஊரில் பலசரக்குக் கடை. லீவில் வந்தவர் மனைவிக்கென்று லீமாவின் பை ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அங்கே கடைக்கு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாளாம். அடுத்த வருடம் நேரே எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல சாமானுக்கு அங்கே விலை கேட்டுச் சண்டை போடமாட்டார்கள், தோலும் கித்தானும் அங்கேயே கிடைக்கும், என் கடைக்குப் பின்னால் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது, தங்கச்சி வந்து மெஷினைப் போடட்டும், பேப்பர் வேலையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். லீமா டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. மூன்று நாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்காம் நாள் நானே, போ என்றேன்.

ஊரில் கேட்காத ஆள் இல்லை. பங்குச் சாமியாரே கூப்பிட்டு விசாரித்தார். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் போர்த்துகல்காரர்கள் கப்பலில் வந்து எங்கள் ஆட்களுக்குக் கிறிஸ்தவப் பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், இப்போது நாங்கள் போய்ப் பை தைத்துக் கொடுக்கிறோம், சரியாகப் போச்சு சாமி என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன். வீடு வரைக்கும் சிரிக்க முடியவில்லை.

அவள் போன பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான் கயிற்றுக் கைப்பிடி கட்டி அனுப்பினேன். வாவு முகம்மதுவின் ஆட்கள் யாராவது போகும்போது கொடுத்துவிடுவேன், இல்லையென்றால் பார்சல். ஏனோதானோவென்று செய்கிற வேலை இல்லை. புதுக் கயிறு நனைந்தால் சுருங்கும். அதனால் எங்கள் ஆட்கள் யாரும் புதுக் கயிற்றை அப்படியே கட்டமாட்டார்கள். மூன்று நாள் கடலில் ஊறப்போட்டு, இரண்டு தென்னைக்கு நடுவில் இழுத்துக் கட்டி, கல்லைத் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். அப்போதுதான் கயிறு படியும். மத்தியானம் கரைக்கு வந்து, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, மெஷின் இருந்த இடத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரை கட்டுவேன். ஒரு நாளைக்கு எட்டு ஜோடி. வந்தது, நன்றாக இருக்கிறது என்பாள். நான் அதை ஊர் முழுக்கச் சொல்வேன். டீக்கடையில் எவனாவது பொண்டாட்டி எப்ப வருவா என்று ஆரம்பித்தால், போர்ட்டோவில் இருக்கிற வெள்ளைக்காரி தோளில் எல்லாம் என் கயிறுதான் தொங்குகிறது, தெரியுமா என்று வாயை அடைப்பேன்.

அந்தச் சாயங்காலங்களைத் தவிர மீதி நேரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். போகவில்லை. வலையில் நல்ல பாடு விழுந்தால் முதலில் அவளிடம் சொல்லத்தான் வாய் வரும். அப்போது அவள் ஊரில் நடுச்சாமம். சூடை மீன் வாங்கி வறுத்தால் பாதியை எடுத்துத் தனியாக வைப்பேன், பிறகு நானே தின்பேன். மெஷின் சத்தம் இல்லாமல் ஒரு வருடம் வரைக்கும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நடுவில் ஒருமுறை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனாள். அந்த நாற்பது நாளும் நான் கடலுக்குப் போகவில்லை. அவளிடம் இஞ்சின் ரிப்பேர் என்று பொய் சொல்லியிருந்தேன். ஆனால் இதில் ஒன்றையும் போனில் சொன்னதில்லை. சாப்பிட்டியா என்பேன், மழையா என்பேன், வைக்கவா என்பேன். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் அப்படித்தான். இதில் பெருமை ஒன்றும் இல்லை.

இங்கேயும் கடல் இருக்கிறது, சின்னப் படகெல்லாம் இருக்கிறது, வாருங்கள் என்று அவள் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். கடல் இருந்தால் போதுமா? அந்தக் கடலில் எனக்கு எவனைத் தெரியும்? இங்கே முகத்தில் படுகிற காற்றை வைத்தே இன்றைக்குப் போகலாமா, கூடாதா என்று சொல்லிவிடுவேன். அங்கே போய்க் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். பெண்டாட்டி கடையில் ஓரமாக உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்ட வேண்டும். இதை அவளிடம் சொல்ல ரோஷம் விடவில்லை. அதனால், நான் வந்துவிட்டால் கயிறு யார் கட்டுவது, அங்கே இந்த உப்புத் தண்ணீர் கிடைக்குமா, இந்த வெயில் கிடைக்குமா என்பேன். அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். அவளிடம் பதில் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை வாவு முகம்மது கீழக்கரைக்கு வந்திருப்பதாகத் தகவல் வந்தது. அறுபது ஜோடிக் கைப்பிடியை மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவர் வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துத் தொதல் அல்வா டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என் மூட்டையைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பெட்டியில் இடமில்லை என்று சங்கடப்படுகிறார் போலிருக்கிறது, இதை மேலே வைத்து அமுக்கினால் அடங்கும் என்று நானே வழி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“சகாயம், கோவிச்சுக்கிறாதீங்க. மனசு கேக்கல, அதான் சொல்றேன். இத இனிமே கட்டாதீங்க. அங்கன ஒரு அலமாரி நெறைய அடுக்கிக் கெடக்கு. நாலு வருசமா ஒண்ணுகூட பையில ஏறல.”

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். நான் சாப்பிடவில்லை. அவர் வீட்டுச் சோற்றை வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருடம். ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டு நாலு வருடம். என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி விளையாட விட்டிருக்கிறாள். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது மூட்டையைத் தூக்கிக் கடலில் வீசிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வீசவில்லை. கயிறு நல்ல கயிறு.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. அங்கே காலை, கடையைத் திறந்திருப்பாள். போனைப் போட்டு, எடுத்ததும் ஏசினேன். என்ன ஏசினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது நடந்ததை மெதுவாகச் சொன்னாள்.

அங்கே போய்ச் சேர்ந்த இரண்டாம் வருடம் அவளுக்கு ஒரு பெரிய கடையிலிருந்து முதல் ஆர்டர் கிடைத்திருக்கிறது. நாற்பது பை. எல்லாம் என் கயிறு. ஒரு மழைக்காலம் போனதும் நாற்பதும் திரும்பி வந்துவிட்டன. அந்த ஊரில் எப்போதும் மழையும் ஈரமுமாம். கயிற்றுக்குள் இருந்த உப்பு அந்த ஈரத்தை இழுத்து, கைப்பிடி காயாமல் நசநசவென்று இருந்திருக்கிறது. வளையங்கள் எல்லாம் பச்சை பிடித்து, அந்தப் பச்சை கித்தானிலும் இறங்கியிருக்கிறது. எனக்கு இதில் குறை என்ன என்றே விளங்கவில்லை. எங்கள் வீட்டில் பூட்டு பச்சை, குத்துவிளக்கு பச்சை, ஜன்னல் கம்பி துரு, சைக்கிள் துரு. கடலோரத்தில் பிறந்தவன் அதையெல்லாம் குறையாகப் பார்த்ததே கிடையாது.

“பித்தளைன்னா பச்ச புடிக்கத்தான செய்யும்” என்றேன்.

“இங்கன உள்ளவகளுக்கு அது புடிக்காதுங்க” என்றாள்.

நாற்பது பையையும் அவளே பிரித்திருக்கிறாள். அந்த ஊர்க் கயிற்றை வாங்கி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நான் கட்டியதைப் பார்த்துப் பார்த்தே அந்தக் கட்டைப் படித்து, பதினொரு நாள் உட்கார்ந்து மறுபடி கட்டியிருக்கிறாள். முதல் நான்கு நாள் விரல் புண்ணாகி மெஷினில் உட்கார முடியவில்லையாம். கடைக்காரனிடம் பையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவன் வளையத்தை இழுத்துப் பார்த்துவிட்டு இன்னும் அறுபது கேட்டானாம். அங்கிருந்துதான் அவளுடைய பைக் கடை வளர்ந்தது. இன்றைக்கு அவளிடம் ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது நான் இங்கே மழையா என்று கேட்டு, ஆமாம் என்று சொன்னதும் போனை வைத்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபம் அப்போதும் தீரவில்லை, ஆனால் குரல் இறங்கிவிட்டது.

“சொன்னா நிறுத்திருவீக. நிறுத்திட்டா அப்புறம் உங்ககிட்ட இருந்து எனக்கு என்ன வரும்? போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டீக. அந்தப் பார்சலப் பிரிச்சா நம்ம கரை நாத்தம் அப்படியே அடிக்கும். ஒவ்வொரு கட்டையும் தடவிப் பாப்பேன். இத்தன நாள் உக்காந்து எனக்காக இத்தன கட்டு போட்டிருக்காகளேன்னு இருக்கும். அது ஒண்ணுதாங்க எனக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு.”

அவள் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தமும், யாரோ ஒரு பெண் அந்த நாட்டுப் பாஷையில் எதையோ கேட்கிற சத்தமும் வந்தன. லீமா அந்தப் பாஷையிலேயே பதில் சொன்னாள். சட்டென்று, தட்டுத்தடுமாறாமல். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. அவள் அங்கே வேர் பிடித்துவிட்டாள். அவளைப் பிடுங்கி இங்கே கொண்டுவந்து, மறுபடி ஈரத்துணிக்குப் பை விற்க உட்கார வைக்க முடியாது. நான் போகாமலிருக்க வைத்திருந்த காரணமும் நாலு வருடத்துக்கு முன்னாலேயே செத்துப் போயிருக்கிறது. இனியும் நான் இங்கே இருந்தால், போக மனசில்லாதவன் என்று பெயர். வேறு பெயர் கிடையாது.

வல்லத்தில் என் பங்கை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கூட்டாளியிடம் பேசப் போகிறேன் என்றேன். இருபத்தெட்டாம் தேதி சென்னைக்குப் போகிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. ரோஷத்தில் பேசாதீர்கள், கடலை விட்டுவிட்டு வந்து அப்புறம் இங்கே உட்கார்ந்து ஏங்கினால் அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். ஏங்குவேன்தான். அதை மறைக்கப் போவதில்லை. எங்கே இருந்தாலும் எதற்காவது ஏங்கத்தான் போகிறேன். எதற்கு என்று இத்தனை நாள் வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

“லீமா, நீ இல்லாம இங்கன என்னால இருக்க முடியல” என்றேன்.

அந்தப் பக்கம் மெஷின் நின்றது. அவள்தான் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

“இத இப்ப வந்து சொல்றீக. மொதமொத கெளம்புன அன்னைக்கு மதுரை ஏர்போர்ட்ல இந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா, பெட்டியத் தூக்கிக்கிட்டு உங்க பின்னாலேயே வீட்டுக்கு வந்திருப்பேன்.”

“தெரியும்” என்றேன். “அதான் சொல்லல.”